வாத்தியார் வேண்டாம் என்றார்

சின்னாளபட்டியில் வீரலட்சுமியை ஏமாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. பால்காரன் ஊற்றும்போது நுரை அடங்கட்டும் என்று கையைக் காட்டி நிறுத்திவைப்பாள். கீரைக்கட்டை அவிழ்த்து நடுவில் இருக்கும் தழையை மோந்து பார்ப்பாள். அரிசிப் பெட்டிக்குத் திண்டுக்கல்லுக்கே போய்ப் பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிவந்தவள், செய்தவனிடம் இன்னொரு சாவி இருக்குமோ என்று அன்று முழுக்க யோசித்து, கடைசியில் பெட்டியைத் தன் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் புருஷன் குருசாமி இதற்கெல்லாம் சிரித்துக்கொள்வான். வெளிப்படையாகச் சிரித்தால் அதற்கும் ஒரு உள்நோக்கம் கண்டுபிடிப்பாள் என்பதால், தறிக்குழிக்குள் குனிந்துகொண்டு சிரிப்பான்.

இப்படிப்பட்டவள்தான் தன் மடியிலேயே இருந்த ஒரு விஷயத்தை நாலு வருஷம் கவனிக்காமல் விட்டுவிட்டாள்.

அவளை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த வீட்டில் ரெண்டு தறி. ஒன்றில் குருசாமி, இன்னொன்றில் அவனுடைய அக்கா அங்கம்மாள். புருஷன் செத்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள் அவள். சுவருக்கு அந்தப் பக்கமும் தறி, இந்தப் பக்கமும் தறி. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு போகிற நாடா இப்படியும் அப்படியும் ஓடி ஓடி அடிக்கிற சத்தத்தில் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தத் தெருவில் பகல் நேரத்தில் யாரும் வாயால் பேசுவதில்லை. கைதான் பேசும். ஒரு விரலைச் சுற்றிக் காட்டினால் ‘தார் கொண்டா’ என்று அர்த்தம். தார் என்றால் நாடாவுக்குள் போடுகிற நூல் சுற்றிய சின்னக் குழல். ரெண்டு விரலைச் சேர்த்துப் பட்டென்று பிரித்தால் இழை அறுந்துபோச்சு. பெருவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர். இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார், வம்பை நிறுத்து. எவள் எவளோடு சண்டை, எந்த வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனான் என்பதெல்லாம் வாயைத் திறக்காமலே தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த வீட்டில் வீரலட்சுமிக்குப் பிறந்த கண்ணம்மாள் நடை பழகுவதற்கு முன்பே கையால் தண்ணீர் கேட்டாள். அத்தைக்கு இழை அறுந்தால் அப்பனிடம் ஓடிவந்து விரலைப் பிரித்துக் காட்டினாள். பிள்ளை படுசுட்டி என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். பேச்சு இன்னும் வரவில்லையே என்று யாராவது கேட்டால், தறிக்காரன் பிள்ளைக்குப் பேச்சு சுணங்கித்தான் வரும் என்று பதில் தயாராக இருந்தது.

அமாவாசைக்கு அமாவாசை தறிக்கு ஓய்வு. அன்றைக்குத் தெருவே நிசப்தமாகிவிடும், மனிதர்கள் கையை மடக்கிவிட்டு வாயைத் திறப்பார்கள். அன்றைக்கு மட்டும் கண்ணம்மாள் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக மாறி மாறிப் பார்ப்பாள். கடைசியில் அழத் தொடங்குவாள்.

“அமாவாசையான்னா இந்தப் பிள்ளைக்கு என்னமோ ஆகுது வீரு. காத்து கருப்பு பட்டிருக்கும்” என்றாள் அங்கம்மாள்.

வேப்பிலை அடித்தார்கள். இடுப்பில் தாயத்துக் கட்டினார்கள். அந்தத் தாயத்தை மந்திரித்துக் கொடுத்தவன் அசல் ஆள்தானா என்று வீரலட்சுமி அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் விசாரித்தாள். மந்திரித்தவனை விசாரித்தாளே தவிர, பிள்ளையின் காதை விசாரிக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

நாலு வயதாகியும் பேச்சு வராமல்போகவே, கடைசியில் கூட்டிப்போன திண்டுக்கல் ஆஸ்பத்திரியில், பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டு டாக்டர் ஒரு தகரத் தட்டைத் தரையில் போட்டார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். கண்ணம்மாள் டாக்டரின் மேசைமேல் இருந்த மசிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“பிறவியிலேயே கேக்காதும்மா. இத்தனை வருஷமா உங்களுக்கு எப்படித் தெரியாமப் போச்சு?” என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாகச் சிறுமலையைக் காட்டிக் காட்டிப் பிள்ளை கையால் என்னவோ கதை சொல்லிக்கொண்டு வந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவள் முன்னைவிட மோசமாகிவிட்டாள். சொந்தக் கண்ணே இப்படி மோசம் செய்துவிட்டபிறகு ஊரானை எங்கே நம்புவது?

கண்ணம்மாளுக்கு எட்டு வயது நடக்கும்போது கஸ்பார் வாத்தியார் வந்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு போட ஆரம்பித்திருந்த சமயம் அது. வாத்தியார் தடித்த கண்ணாடி போட்டவர், திண்டுக்கல்லிலிருந்து தினமும் சைக்கிளில் வருகிறவர். வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, தறிச் சத்தத்தோடு போட்டிபோட்டுக் கத்திப் பார்த்துத் தோற்று, கடைசியில் வீரலட்சுமியைக் கையைக் காட்டி வெளியே கூப்பிட்டார்.

“உங்க மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கம்மா. காது கேக்காட்டா என்ன, கண்ணு இருக்கு, கை இருக்கு. எழுதப் படிக்கச் சொல்லித் தந்துரலாம்.”

வீரலட்சுமி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஊர்ல காது கேக்குற பிள்ளைகளே அம்புட்டுக் கிடக்கு. அதுகளை விட்டுட்டுக் கேக்காத பிள்ளை உங்களுக்கு என்னத்துக்கு?”

“படிக்கட்டும்னுதாம்மா” என்றார் வாத்தியார். ஆனால் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை வீரலட்சுமி பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு அவளுக்குத் தூக்கமில்லை. இந்த ஆள் ஏன் வந்தார்? பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்த்துவிடுவாரோ? வாய் பேசாத பிள்ளையைத் தூரதேசத்தில் ஏதாவது விடுதியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுவாரோ? யாராவது அடித்தாலும் வந்து சொல்லாது என்பதால்தான் இந்தப் பிள்ளையாகப் பார்த்துக் கேட்கிறாரோ? கடைசியாக நினைத்தது அவளை எழுப்பி உட்காரவைத்தது. கண்ணம்மாளின் கைப்பேச்சு இந்தத் தெருவைத் தாண்டினால் ஒருவருக்கும் புரியாது. தெருவைத் தாண்டினால் அவள் ஊமை.

பள்ளிக்கூடத்தில் சோறு பொங்குகிற மாயம்மாளைக் கடைத்தெருவில் மடக்கி நைசாகப் பேச்சுக் கொடுத்ததில் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துபோயிருக்கிறது. இன்னும் குறைந்தால் கஸ்பார் வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள்.

“பாத்தீகளா?” என்று அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் வெற்றியோடு சொன்னாள். “நம்ம பிள்ளை மேல உள்ள பிரியத்துல ஒண்ணும் வரல. தலை எண்ணுறதுக்கு ஆள் பிடிக்க வந்திருக்காரு.”

“அவரு பிழைப்புக்கு அவரு வாராரு” என்றான் குருசாமி. “நம்ம பிள்ளைக்கு நாலு எழுத்து வந்தாச் சரிதானே?”

“பள்ளிக்கூடம் என்னத்துக்கு?” என்றாள் அங்கம்மாள், வெஞ்சனத்தைத் தம்பி தட்டில் வைத்தபடி. “நான் மூணாப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். அவ கைப்பேச்சு எனக்குத் தெரியும். அந்த வாத்தியாருக்குத் தெரியுமா? வீட்லயே வச்சு நானே சொல்லித் தாரேன்.”

சொன்னது நல்ல யோசனைதான். வீரலட்சுமிக்கும் மனசுக்குள் அதுவே நினைப்பு. ஆனால் அது அங்கம்மாள் வாயிலிருந்து வந்ததும் உடனே நிறம் மாறிவிட்டது. மதினிக்கு என்ன திடீரென்று இவ்வளவு அக்கறை? பிள்ளை வீட்டில் இருந்தால் ராட்டையில் உட்கார வைத்துத் தார் சுற்றச் சொல்லலாம், தார் தட்டுப்பாடில்லாமல் வந்தால் நெசவு ஓடும், அதுதானே கணக்கு? அப்படி நினைத்தவள் வீம்புக்கென்றே மறுநாள் கண்ணம்மாளைக் குளிப்பாட்டி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். சேர்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினாளா என்றால், அதுதான் இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் போய் ஜன்னலோரமாக நின்றுகொண்டாள்.

முதல் சில நாட்கள் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. வாத்தியார் பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்தார். கையைப் பிடித்துப் பலகையில் எழுத வைத்தார். சோற்றைக் கூட வீரலட்சுமி ஒரு நாள் மாயம்மாளிடம் கேட்டு வாங்கித் தின்று பார்த்தாள். உப்புத்தான் கொஞ்சம் தூக்கல். கண்ணம்மாளோ வீட்டுக்கு வந்ததும் கை ஓயாமல் பேசினாள். ரெண்டு விரலால் வட்டம் போட்டுக் கண்ணில் வைத்துக்கொண்டால் அது வாத்தியார். அந்த வட்டம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கண்ணுக்குப் போனது என்று சொல்லி முடியாது. வீரலட்சுமிக்கு அது பிடிக்கவில்லை. தனக்கு மட்டுமே சொந்தமாக இருந்த பிள்ளை அது.

அதுவரை எழுத்து வேளையில் மட்டுமே வந்து பார்த்தவள், ஒரு வியாழக்கிழமை வாத்தியார் பாடம் சொல்லும் நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வகுப்பு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கண்ணம்மாளும் ரெண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை அவள் கை ஏதோ சொல்ல அவிழ்ந்தது. வாத்தியார் அவள் பக்கம் பார்த்துத் தன் கையைக் கட்டிக் காட்டினார். பிள்ளை மறுபடியும் கட்டிக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கையைக் கட்டித்தான் உட்காரும். ஊர் உலகத்தில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அதுதான் வழக்கம். ஆனால் பள்ளிக்கூடத்துப் படி மிதிக்காத வீரலட்சுமிக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் சும்மா இருந்திருப்பாளா என்பது சந்தேகம். தடதடவென்று வகுப்புக்குள் நுழைந்தாள்.

“என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்கீக? எம்பிள்ளை வாயைக் கட்டிப் போட்டிருக்கீகளே!”

“வாயையா? அம்மா, நான் கையைத்தானே...” வாத்தியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “எல்லாப் பிள்ளைக்கும் சொல்றதுதாம்மா.”

“எல்லாப் பிள்ளைக்கும் வாய் வேற, கை வேற. எம்பிள்ளைக்குக் கைதான்யா வாயி!”

நியாயம் அவள் பக்கம்தான் இருந்தது. அதோடு விட்டிருந்தால் அவளை மெச்சியிருக்கலாம். வாத்தியார் “தப்புத்தாம்மா, தெரியாமப் போச்சு, நாளையில இருந்து...” என்று ஆரம்பித்ததைக் காதில் வாங்காமல், பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். இழுத்துப் பிடித்திருந்த அந்தக் கையால் பிள்ளை வழியெல்லாம் எதுவும் சொல்ல முடியவில்லை என்பதை அவள் யோசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து கையை விட்டதும் கண்ணம்மாள் அழுதுகொண்டே கேட்டாள். ஏன்? வாத்தியார், பலகை, நான், ஏன்?

எப்படிச் சொல்வது? கையைக் கட்டுவது வாயைக் கட்டுவதாகும் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த விரலால் விளக்குவது? நீண்ட பதில் சொல்லப் பொறுமையும் இல்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. நாளைக்கும் பிள்ளை பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம் என்று அழக் கூடாது. வீரலட்சுமி விரலை வட்டமாக்கிக் கண்ணில் வைத்தாள். கண்ணம்மாளைத் தொட்டாள். உள்ளங்கையை வெளிப்பக்கம் தள்ளிக் காட்டினாள்.

வாத்தியார் உன்னை வேண்டாம் என்றார்.

பிள்ளையின் அழுகை அப்படியே நின்றுவிட்டது. நம்பிவிட்டாள். அம்மா சொல்லி அவள் நம்பாதது எதுவும் அதுவரை இல்லை. சந்தையில், கடையில், முதலாளியிடம் அவள் சொல்லாத பொய்யில்லை. ஆனால் அவை எல்லாம் வாய்ப் பொய்கள். இந்தப் பிள்ளையிடம் அவள் கை பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளிலிருந்து வீட்டிலேயே பாடம். அங்கம்மாள் குறை சொல்ல முடியாதபடிதான் ஆரம்பித்தாள். காலையில் தறியில் இறங்குவதற்கு முன்னால் பலகையில் ஒரு வார்த்தை எழுதுவாள், பொருளைக் காட்டுவாள், அதற்குண்டான கைச்சாடையைச் செய்வாள். நூல், தார், தண்ணீர், அம்மா. கண்ணம்மாள் பார்த்துப் பார்த்து எழுதினாள். வீரலட்சுமி அடுப்படியிலிருந்து இதைப் பார்த்து, தான் எடுத்த முடிவு சரியென்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாள்.

தீபாவளி நெருங்கியது. முதலாளி அவசரப்படுத்தினார். தறிகள் ஓய்வில்லாமல் ஓடின. காலைப் பாடம் முதலில் குறைந்தது, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு பலகை மாடக்குழியில் ஏறிக்கொண்டது. கண்ணம்மாள் ராட்டையின் முன்னால் உட்கார்ந்து தார் சுற்றினாள். நன்றாகவே சுற்றினாள். சத்தம் அவளைத் தொந்தரவு செய்யாது, பேச்சில் கவனம் போகாது.

வீரலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது. நான் அன்றைக்கே நினைத்தேனே! பொழுது சாய்ந்து தறி நின்றதும் அங்கம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன் மதினி, பிள்ளைக்கு எழுத்துச் சொல்லித் தாரேன்னுட்டு ராட்டையில உக்கார வச்சிட்டீக? இதுக்குத்தான் அம்புட்டு ஆசையா வீட்லயே வைக்கச் சொன்னீகளா?”

அங்கம்மாள் சேலையில் ஒட்டியிருந்த நூல் பிசிறுகளைத் தட்டிவிட்டுக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“தார் சுத்துறது இந்த வீட்ல யாரு வேலை? என் வேலையா?”

வீரலட்சுமி ராட்டையைத் திரும்பிப் பார்த்தாள்.

“உன் வேலை வீரு. பிள்ளை ராட்டையில உக்காந்ததுல இருந்து மத்தியானம் நீதான் காலை நீட்டிப் படுக்குறே. நான் உக்கார வைக்கல. அவளா வந்து உக்காந்தா, நீ எந்திரின்னு சொல்லல. நாளைக்கே நான் பலகையை எடுக்கிறேன். நீ ராட்டைக்கு வாரியா?”

குருசாமி குழிக்குள்ளிருந்து வெளியே வராமலே இருந்தான். அன்றைக்கு அவன் சிரிக்கவும் இல்லை.

மறுநாள் வீரலட்சுமி ராட்டையில் உட்கார்ந்தாள். பலகை இறங்கியது. அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தாள். அப்புறம் முதுகு பிடித்துக்கொண்டது, சந்தைக்குப் போக வேண்டியிருந்தது, விறகு வாங்க வேண்டியிருந்தது. பலகை திரும்பவும் மாடக்குழிக்குப் போனது. மதினி தன்னைக் குத்திக்காட்டுவதற்கென்றே அப்படிப் பேசினாள், அதற்குள் ஏதோ திட்டம் இருக்கிறது என்று மட்டும் அவள் நினைத்துக்கொண்டாள். எல்லாரையும் சந்தேகப்பட்டவளுக்குத் தன் மத்தியானத் தூக்கத்தைச் சந்தேகப்பட மனம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் இன்னொன்றைக் கவனித்தாள். கண்ணம்மாள் அவளைப் பார்க்கிற விதம் மாறியிருந்தது. முன்பெல்லாம் கையை மட்டும் பார்ப்பாள். இப்போது கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்க்கிறாள், முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கையைப் பார்க்கிறாள். காலையில் தெரு வழியே பிள்ளைகள் பலகையைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் போய் நிற்கிறாள். ஒருநாள் வாத்தியார் சைக்கிளில் போகிறபோது இவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்துவிட்டுப் போனார். பிள்ளை உள்ளே ஓடிவந்து கேட்டது. வாத்தியார், சிரிப்பு, என்னை வேண்டாம், ஏன்?

தெரியாது என்று கையை விரித்தாள் வீரலட்சுமி.

பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. மதினி ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று வீரலட்சுமிக்குத் தோன்றியது. ரெண்டு நாள் அங்கம்மாளின் கையைக் கண்ணால் தொடர்ந்தாள். அங்கம்மாளின் கை நாடாக் கயிற்றைத்தான் இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காலையில் அடுப்படியிலிருந்து வெளியே வந்தபோது ராட்டை நின்றிருந்தது. பாதி சுற்றிய தார் அப்படியே இருந்தது. பிள்ளையைக் காணோம்.

குருசாமியின் முன்னால் போய்க் கையை ஆட்டி, பிள்ளை எங்கே என்று கேட்டாள். அவள் வெளியே போனதை அவன் பார்க்கவில்லை. அங்கம்மாளும் பார்க்கவில்லை. தறிச் சத்தத்தில் யாருக்கு என்ன தெரியும்? அவன் தறியை நிறுத்திவிட்டுக் கிணற்றுப் பக்கம் ஓடினான். வீரலட்சுமி தெருவில் ஓடினாள். கூப்பிட்டுக்கொண்டே ஓடினாள், கூப்பிட்டால் கேட்காத பிள்ளையை. மதினிதான் எங்கேயோ அனுப்பியிருக்கிறாள். இல்லை, அந்த வாத்தியார் சிரித்தாரே, அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம்? ஐயோ, பஸ் ரோட்டுக்குப் போயிருந்தால் பின்னால் வருகிற லாரியின் ஹாரன் அவளுக்குக் கேட்காதே! பிள்ளைபிடிக்கிறவன் வந்தால் கத்தத் தெரியாதே! அவள் வாழ்நாளில் சந்தேகப்பட்ட முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. கால் எங்கே போகிறது என்று தெரியாமலே பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றாள்.

கண்ணம்மாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பலகையில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். கை கட்டியிருக்கவில்லை. மற்ற பிள்ளைகள் கட்டியிருந்தார்கள்.

வீரலட்சுமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். வாத்தியார் அவளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து ரெண்டடி தள்ளியே நின்றார்.

“நான் கூப்பிடலம்மா. அவளா வந்து வாசல்ல நின்னா. போன்னு சொல்ல மனசு வரல.” கொஞ்சம் நிறுத்தினார். “உண்மையைச் சொல்லிடறேன். முதல்ல நான் உங்க வீட்டுக்கு வந்தது எண்ணிக்கைக்குத்தான். நீங்க மாயம்மாகிட்ட விசாரிச்சது எனக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு அதுக்காக உள்ள விடல. அன்னைக்கு நீங்க சத்தம் போட்டுட்டுப் போனீங்களே, அதுல இருந்து இந்தப் பிள்ளைக்குக் கையைக் கட்டச் சொன்னதுதான் மனசுல கிடக்கு.”

வீரலட்சுமி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். பிள்ளை எழுந்து வாசலுக்கு வந்து ரெண்டு பேருக்கும் நடுவில் நின்றது.

“ஒண்ணு கேக்கணும்” என்றார் வாத்தியார். “வந்ததும் என்கிட்ட இப்படிச் செஞ்சா. எனக்குப் புரியல. மறுபடி மறுபடி அதையே செஞ்சா. நீங்கதான் அர்த்தம் சொல்லணும்.”

சுண்ணாம்புத் தூள் படிந்த விரலை வட்டமாக்கிக் கண்ணாடிமேல் வைத்தார். கண்ணம்மாளைத் தொட்டார். உள்ளங்கையை வெளியே தள்ளினார். தள்ளிவிட்டு, ‘என்ன’ என்பதுபோல் புருவத்தைத் தூக்கிக் காட்டினார். பிள்ளை அப்படிக் கேட்டிருக்கிறாள்.

இங்கே வீரலட்சுமி தப்பித்துப் போயிருக்கலாம். கும்பிடு போட்டாள் என்று சொல்லியிருக்கலாம், பசிக்கிறது என்றாள் என்று சொல்லியிருக்கலாம். வாத்தியாருக்குக் கைப்பேச்சு தெரியாது, பிள்ளைக்கு வாய்ப்பேச்சு தெரியாது. ரெண்டு பேருக்கும் நடுவில் பாலம் அவள் ஒருத்திதான், எது வேண்டுமானாலும் சொல்லலாம். பதில் நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் பிள்ளை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்காமல், கேட்க முடியாமல், அந்த உதட்டிலிருந்து என்ன வரப்போகிறது என்று உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

“நீங்க அவளை வேண்டாம்னு சொன்னீகளான்னு கேக்குறா” என்றாள் வீரலட்சுமி.

“நானா? நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?”

“நீக சொல்லலய்யா. நீக சொன்னதா நான்தான் சொன்னேன்.”

வாத்தியார் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் பிள்ளைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கண்ணாடிமேல் வட்டம் வைத்தார், உள்ளங்கையை வெளியே தள்ளினார், பிறகு தலையையும் கையையும் சேர்த்துப் பலமாக ஆட்டினார். இல்லை. நான் சொல்லவில்லை. கைப்பேச்சு தெரியாதவர் செய்ததுதான், கோணல் மாணலாக இருந்தது, ஆனால் அதில் புரியாமல்போக ஒன்றுமில்லை.

கண்ணம்மாள் மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அழவில்லை. கோபப்படவும் இல்லை. சும்மா பார்த்தாள்.

வீரலட்சுமி கையாலும், வாத்தியாருக்குக் கேட்கும்படி வாயாலும் சொன்னாள். நாளைக்கும் வா. தினமும் வா. நானே கூட்டிவருவேன். ராட்டையில் நான் உட்காருவேன். சொல்லச் சொல்லக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. இவ்வளவு மெய்யாக அவள் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

பிள்ளை அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வீரலட்சுமிக்கு நன்றாகத் தெரியும். ஊரையெல்லாம் தான் பார்க்கிற பார்வை அது. உலகத்திலேயே அவளை நம்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியும் இப்போது அப்படிப் பார்த்தாள்.

கண்ணம்மாள் திரும்பி, அம்மா சொன்னது நிஜம்தானா என்று வாத்தியாரின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையசைத்த பிறகுதான் உள்ளே போனாள்.